குட்டி யாருக்காக, வளர்ப்பவர் யார்?

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பின்னரும் கதவருகே ஒரு கணம் தயங்கி நிற்பவர்களை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். உணவு, உடற்பயிற்சி, அடுத்த பரிசோதனைக்கான நாள் ஆகிய அனைத்தையும் கேட்டு முடித்த பிறகு, சற்றுக் கூச்சத்துடன் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வீட்டில் ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா?” கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மகனோ மகளோ ஆவார். வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணியில் இருப்பவர். விடுப்பு முடிவதற்குள் பெற்றோருக்கு ஒரு துணையை ஏற்படுத்திவிட்டுச் செல்ல விரும்புகிறவர். அவர் மனத்தில் இருப்பது எவ்வகைக் குட்டி என்பதும் எங்களுக்குத் தெரியும். பஞ்சுப் பொதி போன்ற வெண்மயிர், கூரிய மூக்கு, நிமிர்ந்த காதுகள், முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால். நம் ஊர்களில் ‘பொமேரியன்’ என்று அழைக்கப்படும் நாய் அது.

அக்கேள்வியின் பின்னுள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் உடனே ‘ஆம்’ என்றோ ‘வேண்டா’ என்றோ விடையளிப்பதில்லை. “அதை வளர்க்கப்போவது யார்?” என்று திருப்பிக் கேட்கிறோம். இக்கட்டுரையில் நாங்கள் முன்வைக்கும் கருத்தும் அந்தக் கேள்வியைச் சார்ந்ததே. நோயாளிக்கென்று வாங்கப்படும் குட்டியை நோயாளி வளர்ப்பதில்லை. நோயாளியைப் பராமரிப்பவரே வளர்க்கிறார். எனவே அவருடைய மனமார்ந்த சம்மதம் இல்லாமலும், முதல் ஓராண்டின் வேலைகளை யார் யார் செய்வது என்று முன்னரே பங்கிட்டுக்கொள்ளாமலும், நோயுற்றவர் உள்ள வீட்டிற்குக் குட்டியைக் கொண்டுவருதல் தகாது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தால் இடக்கை தளர்ந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். அடுத்த மாதமே பிள்ளைகள் அவருக்கு ஒரு வெள்ளைக் குட்டியை வாங்கிக் கொடுத்தனர். மறுபரிசோதனைக்கு வந்தபோது பெரியவர் முகத்தில் மலர்ச்சி தெரிந்தது. உடன்வந்த அவர் மனைவியோ ஒரு மாதத்தில் ஓராண்டு மூப்படைந்தவரைப் போலிருந்தார். இரத்த அழுத்தம் பார்க்கச் சென்ற செவிலியரிடம் அந்த அம்மையார் சொன்ன சொற்கள் எங்கள் நினைவில் நிற்கின்றன. “இவருக்குத் துணி மாத்தவா, அது போன இடத்தைத் தொடைக்கவா, சிஸ்டர்?” அவருடைய இரத்த அழுத்தத்தையும் அன்றே பார்த்தோம். அது கணவருடையதைவிட உயர்ந்திருந்தது.

ஆந்தைக் குஞ்சின் கதை

நோயாளிக்கு ஒரு சிறு வளர்ப்புயிர் நல்ல துணை என்னும் கருத்து புதியதன்று. செவிலியர் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளர் பராமரிப்பைப் பற்றி எழுதிய தம் நூலில், நெடுநாள் நோயால் வாடுவோருக்குச் சிறிய வளர்ப்புயிர் சிறந்த துணையாகும் என்று குறிப்பிட்டுள்ளார். அவர் அதனை வெறும் ஏட்டறிவால் எழுதியவரல்லர். 1850ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, பார்த்தினன் கோயிலருகே சிறுவர்களிடம் சிக்கித் துன்புற்ற ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு, ‘அதீனா’ என்று பெயரிட்டு வளர்த்தார். தம் சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு செல்வாராம்.

அக்கதையின் முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1854இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்ற நைட்டிங்கேல் புறப்பட ஆயத்தமானார். வீடே பரபரப்பில் மூழ்கியிருந்தது. அந்த வேளையில் மாடத்து அறையில் விடப்பட்ட ஆந்தையைக் கவனிப்பார் இல்லை. அது இறந்துபோயிற்று. பதப்படுத்தப்பட்ட அதன் உடலை இலண்டனில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அந்த வீட்டில் அன்பில்லாதவர் எவருமில்லை. வேறொரு பெரிய கடமை வந்தபோது, ‘இது இன்னாருடைய பொறுப்பு’ என்று ஒருவரும் குறிக்கப்படவில்லை, அவ்வளவே. நோய் புகுந்த வீட்டில் அத்தகைய பரபரப்பு எந்நாளும் வரக்கூடியது. நள்ளிரவில் அவசர ஊர்தியில் ஏற நேரும் குடும்பம், வீட்டில் விட்டுவந்த குட்டிக்கு யார் உணவிடுவார் என்பதை அப்போது சிந்திக்க இயலாது. அதனை முன்னரே சிந்தித்து வைத்திருக்க வேண்டும்.

வாங்குவது எதை?

பொமரேனியா என்பது பால்டிக் கடற்கரையில், இன்றைய போலந்திலும் ஜெர்மனியிலும் பரவிக் கிடக்கும் நிலப்பகுதி. அக்குளிர் நாட்டுப் பெயரைத் தாங்கிய அசல் பொமரேனியன் ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்றரைக் கிலோ எடையே உள்ள மிகச் சிறிய நாய். நம் ஊரில் அப்பெயரில் நெடுங்காலமாக வளர்க்கப்படுவது பெரும்பாலும் ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ என்னும் வேறு வகையாகும். 1980களிலும் 1990களிலும் நடுத்தரக் குடும்பங்களின் வாசற்படிகளில் படுத்திருந்ததும், 1994இல் வெளியான ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ என்ற இந்தித் திரைப்படத்தில் ‘டஃபி’யாகத் தோன்றியதும் இந்த நாயே. இதில் சிறுவகை ஐந்து முதல் ஏழு கிலோ வரை வளரும். பெருவகை 12 கிலோவுக்கும் மேல் வளரும்.

இவ்வேறுபாடு நோயாளியின் வீட்டிற்கு முக்கியமானது. மிகச் சிறிய குட்டி ஒருவர் கையிலிருந்து தவறி விழுந்தாலே எலும்பு முறியக்கூடும். கைந்நடுக்கம் உள்ளவர் மடியில் அதனை வைப்பது அதற்கே தீங்காகும். பெருவகை நாயோ, ஊன்றுகோலுடன் நடப்பவரை மகிழ்ச்சி மிகுதியால் பாய்ந்து தள்ளிவிடக்கூடும். இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது இவையெல்லாம் ஒரே பஞ்சுப் பொதியாகத்தான் தோன்றும். எனவே தாய் நாயைக் கண்ணால் பார்த்த பின்னரே குட்டியை வாங்குக. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுகின்றன. தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் முன்கூட்டியே பிரிக்கப்பட்ட குட்டி, கடியின் அளவை அறியாமலே வளரும். முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டிற்கு அது பொருந்தாது.

ஓராண்டின் வேலை

குட்டி வீட்டிற்கு வந்த நாள் முதல் அதன் முதல் பிறந்தநாள் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்கிறோம். அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. வேலையின் அளவு தெரிந்தாலன்றி அதனைப் பங்கிட இயலாது.

முதல் இரண்டு மாதங்கள், அதாவது குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை, கைக்குழந்தை உள்ள வீட்டின் நிலையே இருக்கும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை சிறுகச் சிறுக உணவளிக்க வேண்டும். பால்சோறும் தயிர்சோறும் மட்டும் வளரும் குட்டிக்குப் போதா. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உரிய அளவில் அமைந்த, குட்டிகளுக்கென்றே உள்ள உணவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தேர்க. மிகச் சிறிய குட்டிகள் உரிய வேளையில் உண்ணாவிடில் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தள்ளாடும், சோர்ந்து விழும். அவ்வேளையில் ஈறில் சிறிது தேன் தடவிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உண்டவுடனும், உறங்கி எழுந்தவுடனும், விளையாடி முடித்தவுடனும் அதனைச் சிறுநீர் கழிக்கும் இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரவிலும் ஒருமுறையேனும் ஒருவர் எழுந்தாக வேண்டும். ஏற்கெனவே நோயாளிக்காக இரவில் மூன்று முறை எழுபவரிடம் நான்காவது முறையையும் சுமத்துவது எவ்வகையில் நியாயம்?

தடுப்பூசிகளுக்குரிய காலமும் இதுவே. டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை தொடர்கின்றன. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைப் பொதுவாக மூன்று மாதம் நிறைந்த பின்னர்ப் போடுவர். குடற்புழு நீக்க மருந்தும் உரிய இடைவெளியில் தரப்பட வேண்டும். பார்வோ நோய் தடுப்பூசி பெறாத குட்டியைச் சில நாள்களிலேயே மாய்த்துவிடும் கொடியது. வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் கண்டால் ஒருநாளும் காத்திருக்கலாகாது. ஆயினும் நோய்க்கு அஞ்சிக் குட்டியை ஓர் அறைக்குள்ளேயே அடைத்து வைப்பதும் தவறு. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரையில்தான் குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கிறது. சக்கர நாற்காலியின் ஓசை, ஊன்றுகோலின் தட்டல், குக்கரின் விசில், வந்துபோகும் செவிலியரின் முகம் ஆகியவற்றை அது இக்காலத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். பழகாத நாய் பின்னாளில் ஒவ்வோர் ஓசைக்கும் குரைக்கும். ஸ்பிட்ஸ் வகை நாய்களோ இயல்பிலேயே குரைப்பதில் முந்துபவை. உறக்கம் தேவைப்படும் நோயாளிக்கு அது சிறிய தொல்லையன்று.

நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழும். முதலாவது பல் மாற்றம். 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. சிறிய நாய்களில் பால்பல் விழாமலே பக்கத்தில் நிலைப்பல் முளைப்பதுண்டு. அதனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஈறு தினவெடுக்கும் குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். செருப்பும் நாற்காலிக் காலும் போனால் போகட்டும். நோயாளியின் வீட்டில் ஆக்சிஜன் குழாய், சிறுநீர்ப் பை, மருந்தட்டை ஆகியனவும் தரைக்கு எட்டிய தொலைவில் இருக்கும். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. கைதவறி விழுந்த மாத்திரையைக் குனிந்து தேடிப் பொறுக்க இயலாத முதியவர் தனித்திருக்கும் வீடு, பல் முளைக்கும் குட்டிக்கு ஏற்ற வீடன்று. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சமைத்த கோழி எலும்பு ஆகியவற்றையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது மயிர் மாற்றம். பஞ்சு போன்ற குட்டி மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, முகம் மெலிந்து, கால்கள் நீண்டு, குட்டி அலங்கோலமாகத் தோன்றும். நோய் வந்துவிட்டதென்று கலங்குவோரும், ஏமாற்றப்பட்டோம் என்று விற்றவரைத் திட்டுவோரும் உண்டு. இது இயல்பான வளர்ச்சி. உள்ளே மென்மயிரும் வெளியே நீள்மயிருமாக ஈரடுக்குப் போர்வை முளைத்து நிறைவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை வாரத்தில் பலமுறை சீவிவிட வேண்டும். சீவாத மயிர் சடைபிடித்து, அதனடியில் தோல் புண்ணாகும், உண்ணியும் மறைந்து வாழும். அழகுக்காக வாங்கியவரின் ஆர்வம் இந்த மாதங்களில்தான் குறைகிறது. தெருவில் சடைபிடித்து அலையும் வெள்ளை நாய்களைக் காண்கையில், இவற்றில் எத்தனை இப்பருவத்தில் கைவிடப்பட்டவையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஏழாம் மாதம் முதல் ஓராண்டு வரை விடலைப் பருவம். பழகிய சொற்களையும் கேளாதது போல் திரியும். பெண் நாய் முதன்முறை பருவமடைவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். கருத்தடை அறுவை செய்வது பற்றி மருத்துவருடன் முன்னரே பேசி முடிவு செய்க. முழங்கால் சில்லு விலகுதல் சிறிய நாய்களில் அடிக்கடி காணப்படும் குறை. ஆகவே கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் குதிக்கவிடாமல் பழக்குவது நன்று. மூச்சுக்குழாய் வலுக்குறைந்த வகையாதலால் கழுத்துப்பட்டையைப் பற்றி இழுப்பதினும் மார்பைச் சுற்றும் பட்டை சிறந்தது.

நம் கோடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. சென்னையிலும் வேலூரிலும் வெயில் 40 பாகையைத் தொடும் நாள்களில், குளிர்நாட்டுப் போர்வையைப் போர்த்திய இந்நாயை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னருமே வெளியே அழைத்துச் செல்லலாம். வெயில் தாங்காதே என்று இரங்கி மயிரை ஒட்ட மழித்துவிடுவோர் உண்டு. அது உதவியன்று. ஈரடுக்கு மயிர் வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்தபின் அது சரியாக முளைக்காமலே போவதும் உண்டு. நிழலும் நீரும் மின்விசிறியும் உதிர்மயிரை நீக்கும் சீப்புமே போதுமானவை.

ஓராண்டு நிறைகையில் தடுப்பூசிகளை மீண்டும் ஒருமுறை போட வேண்டும். வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும் என்று பெருநகரச் சென்னை மாநகராட்சி கோருகிறது. அதற்கும் தடுப்பூசிச் சான்று தேவை. பிற ஊரார் தத்தம் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்தறிக. இவ்வளவும் முதலாண்டின் கணக்கு. இவ்வகை நாய்கள் 12 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்வன என்பதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருக்க வேண்டியவர்கள்

சில நோயாளிகளின் வீட்டில் குட்டியை வாங்குவதைத் தள்ளிப்போடுமாறு நாங்கள் உறுதியாகக் கூறுகிறோம். புற்றுநோய்க்கு வேதிமருந்து பெறுவோர், உறுப்புமாற்று சிகிச்சை பெற்றோர், நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உண்போர் ஆகியோருக்குக் குட்டியின் நகக்கீறலும் எச்சிலும் குடற்புழுவும் பிறரைவிடக் கூடுதலான ஆபத்தைத் தரும். வளர்ந்த, தடுப்பூசி முறையாகப் பெற்ற நாயைவிட, கழிக்கவும் கடிக்கவும் இன்னும் கற்றுக்கொள்ளாத குட்டியே இவர்களுக்கு அதிக இடர். வயிற்றறை வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோர், திரவம் மாற்றும் அறைக்குள் எந்த வளர்ப்புயிரையும் விடலாகாது.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியோரும் தனிக்கவனம் கொள்ள வேண்டும். உறங்கும்போது குட்டி கால்விரலைக் கவ்வினாலும் அவர்களுக்கு வலி தெரியாது. விடிந்து பார்க்கையில் புண் பெரிதாகியிருக்கும். இரவில் குட்டி வேறிடத்தில் உறங்கட்டும். காலையும் மாலையும் பாதங்களைப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடாதீர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் குருதி கசியலாம். இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்டோர் காலடியில் ஓடும் குட்டியால் தடுக்கி விழ நேரிடலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், ஒவ்வாமையே தராத நாய் என்று விற்பவர் கூறுவதை நம்ப வேண்டா. அத்தகைய நாய் இல்லை.

இவற்றைப் படித்து, ஏற்கெனவே வீட்டிலுள்ள நாயை எவரும் வெளியேற்றிவிடக் கூடாது. அது நாங்கள் சொல்வதற்கு நேர் எதிரான செயல். உங்கள் மருத்துவரிடம் ‘எங்கள் வீட்டில் நாய் உண்டு’ என்று முதல் நாளே சொல்லுங்கள். கைகழுவுதல், உறங்குமிடத்தைப் பிரித்தல், கழிவை வேறொருவர் அகற்றுதல், தடுப்பூசிகளைத் தவறாது போடுதல் ஆகியவற்றால் பெரும்பாலானோர் தம் நாயுடனேயே நலமாக வாழ முடியும்.

“குட்டிதானே, பால்பல்தானே!”

எங்களுக்கு மிகுந்த கவலையளிக்கும் சொற்கள் இவை. விளையாட்டில் குட்டி கையைக் கவ்வுவது அதன் இயல்பு. ஆனால் புதிதாக வாங்கிய, இன்னும் மூன்று மாதம் நிறையாத குட்டி, வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைப் பெரும்பாலும் பெற்றிருக்காது. அதன் தாய் யார், அதனைத் தெருநாய் எதுவும் கடித்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. குட்டிகளுக்கும் இந்நோய் வரும். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாதது. நோய்க்குறி தோன்றுமுன் முறையாகத் தடுத்துவிட்டாலோ அதனை முற்றிலும் தவிர்க்கலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தை முதன்முதல் செலுத்திக் காட்டினார். 1907இலேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிவிட்டது. நூறாண்டுகளுக்கும் மேலாக மருந்து கையெட்டும் தொலைவில் இருந்தும், ‘குட்டிதானே’ என்ற அலட்சியத்தால் ஓருயிர் போவதை எங்களால் ஏற்க இயலவில்லை.

கடியோ குருதி கசியும் கீறலோ பட்டவுடன், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். கட்டும் போடாதீர்கள். தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். தோலினுள் போடும் முறையில், தொடங்கும் நாளிலும் அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் ஊசி போடப்படும். காயம் ஆழமானால் அதனைச் சுற்றி நோயெதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறது. குட்டி கடித்ததை வெளியே சொன்னால் அதை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களோ என்று குழந்தைகள் மறைப்பதுண்டு. “கடித்தால் உன்னையும் திட்டமாட்டோம், அதையும் அனுப்பமாட்டோம், சொன்னால் போதும்” என்று அவர்களிடம் முன்னரே கூறி வையுங்கள்.

ஒரு தாளும் ஒரு பேனாவும்

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. குட்டியை வாங்கப் புறப்படுமுன் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். காலை நடை யார்? உணவு யார்? கழிவு துடைப்பது யார்? சீவிவிடுவது யார்? ஊசிக்கு அழைத்துச் செல்வது யார்? நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் குட்டியை எவரிடம் ஒப்படைப்பது? எல்லாக் கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால், அதுவும் நோயாளியைக் கவனிப்பவரின் பெயராகவே இருந்தால், குட்டியை வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதாகச் சொல்பவரின் பெயரை அத்தாளில் எழுத இயலாது என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறோம். குட்டிக்கு மாறாக, பழகி அடங்கிய வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாம். அண்டை வீட்டு நாய் மாலைதோறும் வந்து சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனாலும் போதும். அதுவும் துணையே.

முதலில் நாங்கள் குறிப்பிட்ட அம்மையாரின் வீட்டில் அன்று மாலையே அத்தகைய தாள் ஒன்று எழுதப்பட்டது. கல்லூரியில் படிக்கும் பேரன் காலை நடையையும் கழிவையும் ஏற்றான். மாடியில் குடியிருந்த மகள் உணவையும் ஊசியையும் ஏற்றார். அம்மையாரின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. பெரியவருக்கு மட்டும் ஒரு வேலை தரப்பட்டது. எங்கள் இயன்முறை மருத்துவர் சொன்னபடி, நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம், தளர்ந்த இடக்கையால் சீப்பைப் பற்றிக் குட்டியைச் சீவிவிட வேண்டும். முதல் வாரத்தில் சீப்பு பலமுறை கைநழுவியதாம். குட்டி அதைக் கவ்விக்கொண்டு ஓட, பேரன் மீட்டுக் கொடுப்பானாம்.

அந்த நாய் அவரைக் குணப்படுத்தியது என்று நாங்கள் கூறமாட்டோம். அவருக்கு மருந்தும் பயிற்சியும் காலமும் உதவின. ஆனால் பயிற்சியை அவர் ஒருநாளும் தவறவிடவில்லை என்பதற்கு நாங்கள் சாட்சி. ஓராண்டு கழித்து வந்தபோது கைப்பேசியில் அந்நாயின் படத்தைக் காட்டினார். மயிர் நிறைந்து, கழுத்தைச் சுற்றி வெண்பிடரி புரள, நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அருகில் அமர்ந்திருந்த அம்மையார், யாரும் கேளாமலே தம் கையை நீட்டி, இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். இம்முறை அது சரியாக இருந்தது.